பக்கத்து வீட்டு ட்யூப்

அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். உட்கார்ந்ததும் முந்தானையால் கன்னத்தை ஒற்றிக்கொண்டார். "அடுப்புக்கிட்ட நின்னா முகமெல்லாம் எரியுது டாக்டர், வெயில்ல தலை காட்டவே முடியல." இரண்டு கன்னமும் சிவந்து, மெல்லிய ரத்தக்குழாய்கள் இழை இழையாகத் தெரிந்தன. தாடையோரம் பருக்கள், முகமெங்கும் பூனைமுடி. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, மங்குக்கு ஒரு கிரீம்தான்." மங்கு என்றால் முகத்தில் படியும் கருந்திட்டு. எவ்வளவு நாளாக? மூன்று வருடம்.

கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். நான் நினைத்ததுதான்: ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்ததாம். முகம் சிவப்பாகும் என்று சொன்னார்களாம். சொன்னது பலித்துவிட்டது, வேறு அர்த்தத்தில்.

ஆனால் இது கெட்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். மங்குக்கு நானே எழுதித் தருகிறேன். 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் இன்னொரு மருத்துவரும் வெளியிட்ட கலவையின் வாரிசுதான் இது. தோலின் நிறமியான மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். ஹைட்ரோகுவினோன் அதைத் தடுக்கிறது. ட்ரெட்டினாயின் மேல்தோல் செல்கள் சீக்கிரம் உதிரச் செய்து, தேங்கிய நிறமியை வெளியேற்றுகிறது. இந்த இரண்டும் தோலை உறுத்தும் என்பதால் அதைத் தணிக்க ஒரு ஸ்டீராய்டு. அமெரிக்காவில் அனுமதி பெற்ற கலவையில் இருக்கும் ஸ்டீராய்டு வீரியம் குறைந்தது. நம் ஊர் ட்யூபில் இருக்கும் மொமெட்டசோன் அதைவிட வீரியமானது.

சிக்கலே இந்த ஸ்டீராய்டில்தான். ரத்தக்குழாயைச் சுருக்குவதால் போட்ட சில நாளிலேயே முகம் வெளுத்துப் பளிச்சென்று ஆகிவிடும். பார்ப்பவர்களும் "என்னடி போடுற?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் நிறுத்த வேண்டியதை யாருக்கு நிறுத்த மனசு வரும்? மாதக்கணக்கில் போனால் தோல் மெலிகிறது, பரு வருகிறது, முடி வளர்கிறது. நிறுத்தினாலோ எரிச்சலும் சிவப்பும் முன்னைவிட மோசமாகும். பயந்துபோய் மறுபடி போடுவார்கள். முகம் அந்த ட்யூபுக்கு அடிமையாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பெட்டியில் சிவப்புக் கோடும் இருக்கிறது. இருந்தும் மெடிக்கலில் பெயரைச் சொன்னால் கிடைக்கிறது.

ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் போடுபவர்களில் சிலருக்கு இன்னொன்றும் வரலாம். ஓக்ரோனோசிஸ் என்போம். கன்னத்தில் நீலமும் சாம்பலும் கலந்த கருமை படியும். மங்கு கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அப்புவார்கள். அதை முழுசாகப் போக்க எங்களிடம் நல்ல வழி இல்லை.

பெயர் தெரியாத வெள்ளை டப்பா கிரீம்கள் தனிக்கதை. 2023-ல் கேரளாவின் மலப்புறத்தில் அப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. காரணம் அவற்றில் இருந்த பாதரசம்.

சரி, மங்குக்கு என்னதான் செய்வது? முதல் மருந்து சன்ஸ்கிரீன். அதுவும் அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள வகை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். வெள்ளை சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்துக்குப் போட வேண்டும். மூன்று மருந்துக் கலவை இரவில் மட்டும், மங்கு உள்ள இடத்தில் மட்டும், மெல்லிசாக. அப்புறம் அசிலாயிக் அமிலம் மாதிரி ஸ்டீராய்டு இல்லாததற்கு மாறிவிடலாம். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கலவை கூடவே கூடாது. கர்ப்பத்தில் வரும் மங்கு பலருக்குப் பிரசவத்துக்குப் பின் தானாகவே வெளிறும்.

அந்த அம்மாவுக்கு ட்யூபை நிறுத்தி, எரிச்சல் அடங்க மருந்து கொடுத்து, தேற மாதங்கள் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டி வந்தார். அவர் முகம் நன்றாகவே இருந்தது. இரண்டு மாதத்தில் தானே நிறுத்திவிட்டாராம். பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் என் கையெழுத்து. மருந்தின் பெயர் இருந்தது, இரவில் என்று இருந்தது. எத்தனை வாரம் என்று நான் எழுதியிருக்கவில்லை.