வாயடைத்துப் போன பிள்ளைகளுக்குக் கை எப்படி உதவுகிறது?

"என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டால், போரைக் கண்ட பதினாலு வயதுப் பிள்ளை பெரும்பாலும் தலையைக் குனிந்துகொள்ளும். அது அடம் இல்லை. 1996-ல் வெளியான ஒரு மூளைப்பட ஆய்வில், மன அதிர்ச்சியால் பாதிக்கப்பட்டவர்களை அவர்களுடைய அனுபவத்தையே ஒலிப்பதிவாகக் கேட்கவைத்தார்கள். பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதி முடுக்கிவிடப்பட்டது. பேச்சைக் கோத்துத் தரும் புரோக்கா பகுதியிலோ செயல்பாடு குறைந்தது. பெரியவர்கள் எட்டே பேரிடம் செய்த ஆய்வுதான். ஆனாலும் வாயடைத்துப் போவது ஏன் என்பதற்கு அது ஒரு தடயம்.

படம் வரைய வாக்கியம் வேண்டியதில்லை. அந்த நினைவுகளும் வரிசையான கதையாக இல்லாமல் ஒரு சத்தம், ஒரு வாடை, ஒரு கதவு என்று துண்டுதுண்டாகத்தான் வருகின்றன. தாளுக்கு வந்துவிட்டால், உள்ளே துரத்திக்கொண்டிருந்தது கண்ணெதிரே ஒரு பொருளாகக் கிடக்கிறது. அதன்மேல் வேறு நிறம் பூசலாம், கிழிக்கலாம், மடித்து வைக்கலாம். எல்லாமே கைமீறிப் போன ஒரு பிள்ளைக்கு, இது அதன் கையில் இருக்கிறது.

சின்னக் குழந்தைகள் கேட்டதும் வரைவார்கள். பதினாலு வயதில் "எனக்கு வரைய வராது" என்றுதான் பதில் வரும். அப்போது களிமண்ணைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பையன் அரை மணி நேரம் அதைக் குத்துவான், பிசைவான், அப்புறம் உருட்டி ஒரு கிண்ணம் செய்வான். "இது என்ன?" என்று விளக்கம் கேட்காதீர்கள். "இன்னும் கொஞ்சம் மண் வேணுமா?" போதும். கை உறைந்து, பார்வை வெறித்து, மூச்சு வேகமெடுத்தால் வேலையை நிறுத்தி, பாதம் தரையில் படுவதை உணரச் சொல்ல வேண்டும். தூக்கமே இல்லை, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போவதுதான் சரி. களிமண் அதற்கு ஈடாகாது.

போரை வரையச் சொல்லிக் கேட்கவும் கூடாது. இரண்டாம் உலகப் போரில், இன்றைய செக் நாட்டிலுள்ள, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசின் முகாமில் ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் பிள்ளைகளுக்கு ரகசியமாக வகுப்பெடுத்தார். அவர்களில் பலர் வரைந்தது வீடு, பூ, பட்டாம்பூச்சி. 1944-ல் அவர் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். போகுமுன் பெட்டிகளில் மறைத்துவைத்த சுமார் 4,500 படங்கள் போருக்குப் பின் கிடைத்தன. பல படங்களின் ஓரத்தில் வரைந்த பிள்ளை தன் கையால் எழுதிய பெயர் இருக்கிறது.