87-ல ஒரு பங்கு ரயில்: வீட்டுக்குள்ள லேஅவுட் போடறதுக்குப் பின்னாடி இருக்கற இயற்பியல்

மாடல் ரயில்ல எச்ஓ (HO) ஸ்கேல்னா 1-க்கு 87, அதாவது நிஜ ரயிலோட நீளத்துல 87-ல ஒரு பங்கு. நிஜத்துல 1435 மில்லிமீட்டர் இருக்கற ஸ்டாண்டர்ட் கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கற அகலம்) இதுல 16.5 மில்லிமீட்டர் ஆயிடும். என் (N) ஸ்கேல்னா 1-க்கு 160, டிராக் 9 மில்லிமீட்டர். லேஅவுட், அதாவது வீட்டுக்குள்ள ஒரு குட்டி ரயில் பாதை, போட ஆசைப்படற எல்லாரும் முதல்ல இந்த வகுத்தலைத்தான் போட்டுப் பாக்கறோம், ஆனா நீளம் மட்டும்தான் 87-ஆல வகுபடும், எடை வேற கணக்குல சுருங்கும், மின்சாரமும் புவியீர்ப்பும் சுருங்கவே சுருங்காது. லேஅவுட்ல வர்ற பாதிப் பிரச்சினைக்கு வேர் இதுதான்.

முதல் அடி கர்வுல விழும். நிஜ மெயின் லைன்ல 500 மீட்டர் ஆரம்னா அதுவே இறுக்கமான வளைவு. அதை 87-ஆல வகுத்தா 5.75 மீட்டர், அதாவது ரயில் அரை வட்டம் அடிச்சுத் திரும்பவே பதினோரு மீட்டருக்கு மேல அகலம் வேணும். எந்த வீட்லயும் அது நடக்காது, அதனால எல்லாரும் 36-லேர்ந்து 60 சென்டிமீட்டர் ஆரத்துக்கு இறங்கி வர்றோம், நிஜத்தை விட பத்து மடங்கு இறுக்கமான வளைவு அது. இதுல நீள கோச்சை ஓட்டினா நடுப்பகுதி உள்பக்கமா பிதுங்கும், ரெண்டு முனையும் வெளிப்பக்கம் தள்ளி நிக்கும், கோச்சுகளை இணைக்கற கப்ளிங் ஒண்ணை ஒண்ணு பக்கவாட்டுல இழுக்கும். பழைய ஆளுங்க சொல்ற கணக்கு, உங்களோட நீளமான கோச்சை விட மூணு மடங்காவது ஆரம் வைக்கணும்ங்கறது. 23 மீட்டர் கோச் எச்ஓ-ல 26 சென்டிமீட்டர் சொச்சம், மூணு மடங்குன்னா கிட்டத்தட்ட 80. இடம் இல்லையா, குட்டை கோச் ஓட்டுங்க இல்ல என் (N) ஸ்கேலுக்குப் போயிடுங்க, இறுக்கமான கர்வுல நீள ரயிலை ஓட்டி தினமும் தடம் புரண்டதைத் தூக்கி வைக்கறதுல சந்தோஷமே கிடையாது.

நேர் டிராக்லேர்ந்து கர்வுக்குள்ள டக்குனு நுழையக் கூடாது. ஒரு மெல்லிசான மரப்பட்டையை எடுத்து ஒரு முனையை நேர்கோட்டுல ஆணியடிச்சு இன்னொரு முனையை வளைச்சுப் பாருங்க, அது தானாவே கொஞ்சம் கொஞ்சமா இறுகற ஒரு வளைவைக் கொடுக்கும், அதையே பென்சிலால வரைஞ்சுட்டா போதும். இடது வலதுன்னு எதிரெதிரா ரெண்டு கர்வ் ஒட்டி வந்தா நடுவுல ஒரு கோச் நீளத்துக்காவது நேர் டிராக் விடணும்.

ஏத்தமும் இதே மாதிரிதான். ஒரு டிராக் மேல இன்னொண்ணு பாலத்துல தாண்டணும்னா எச்ஓ-ல சுமார் 10 சென்டிமீட்டர் உயரம் வேணும். 2 சதவீத ஏத்தத்துல அதுக்கு 5 மீட்டர், இறங்க இன்னொரு 5. அந்த ஏத்தம் முழுக்க ரயிலோட மொத்த எடையில 50-ல ஒரு பங்கு பின்னாடி இழுத்துக்கிட்டே இருக்கும், சமதளத்துல அலட்டாம ஓடற இன்ஜின் இங்க பாதி கோச்சோட திணறறது சகஜம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் எடைதான். நீளம் 87-ல ஒரு பங்கானா கன அளவு 87-ஓட மும்மடியில ஒரு பங்கு, அதாவது 6,58,503-ல ஒண்ணு. 120 டன் இன்ஜின் வெறும் 182 கிராம்! 23 டன் காலி வேகன் 35 கிராம், அது இறுக்கமான கர்வுல ஒரு இழுப்புக்கே உள்பக்கமா சாஞ்சுடும். அதனாலதான் அமெரிக்காவோட நேஷனல் மாடல் ரெயில்ரோட் அசோசியேஷன் 15 சென்டிமீட்டர் வேகனுக்கு சுமார் 113 கிராம் வரணும்னு பரிந்துரை பண்ணுது, உள்ள கொஞ்சம் வெயிட் ஒட்டிட்டா போதும்.

ஆனா வெயிட் ஏத்தினாலும் தீராத ஒண்ணு இருக்கு. பவரை நிறுத்தினப்புறம் ரயில் உருண்டு போற தூரம் வேகத்தோட இருமடியைப் பொறுத்தது. மாடல்ல வேகம் 87-ல ஒரு பங்கு, அப்போ தூரம் 7569-ல ஒரு பங்கு. உராய்வு விகிதம் ரெண்டுலயும் ஒண்ணுன்னே வச்சுக்குவோம், நிஜத்துல 870 மீட்டர் உருண்டு நிக்கற ரயில் மாடல்ல 10 மீட்டர் உருண்டாத்தான் பாக்க நிஜம் மாதிரி இருக்கும், ஆனா அது 11.5 சென்டிமீட்டர்லயே நின்னுடும். ரெயில்ல (அதாவது தண்டவாளக் கம்பியில) ஒரு சின்ன தூசி, டிராக் ரெண்டா பிரியற பாயிண்ட்ல ஒரு பிளாஸ்டிக் துண்டு, கரண்ட் ஒரு நொடி விட்டுச்சுன்னா ரயில் செத்து நிக்கும். இதுக்காகத்தான் மோட்டார் தண்டுல பித்தளை பிளைவீல் (கனமான சுழல் சக்கரம்) மாட்டறாங்க, இன்ஜினுக்குள்ள இருக்கற டிகோடர்ங்கற சின்ன சர்க்யூட்ல கெப்பாசிட்டர் சேக்கறாங்க. டிகோடர்ல சிவி 3, சிவி 4-ன்னு இருக்கற செட்டிங்ஸும் இல்லாத உந்தத்தை இருக்கற மாதிரி காட்டறதுக்குத்தான், மெதுவா வேகம் எடுத்து மெதுவா நிக்கும்.

டிகோடர்னு சொன்னேன்ல, அது டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறையோட மூளை. பழைய டிசி-ல டிராக்குல வோல்டேஜைக் கூட்டினா வேகம், பிளஸ் மைனஸை மாத்தினா திசை, ஒரே டிராக்ல ரெண்டு இன்ஜின் நின்னா ரெண்டும் சேந்தே ஓடும். டிசிசி-ல டிராக்குல எப்பவும் முழு வோல்டேஜ் இருக்கும், ஆனா அது நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பிளஸ் மைனஸ் மாறிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோசெகண்ட்னா அது 1, 100 மைக்ரோசெகண்டோ அதுக்கு மேலயோ போனா 0. இப்படி ஒண்ணும் சைபருமா எந்த இன்ஜின், என்ன வேகம்னு செய்தி போகும், தன் நம்பர் வந்தா மட்டும் டிகோடர் கேட்டுக்கும். ஜெர்மனியோட பெர்ன்ட் லென்ஸ்ங்கறவர் உருவாக்கினதை அடிப்படையா வச்சு 1990-கள்ல அந்த அமெரிக்க அமைப்பு இதைத் தரப்படுத்தினதால, ஒரு கம்பெனி இன்ஜின் இன்னொரு கம்பெனி கன்ட்ரோலர்ல ஓடுது.

ரெயில் செய்யற நிக்கல் சில்வர்ல வெள்ளி துளியும் கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம் அவ்வளவுதான். பித்தளை இதை விட நல்லாவே கடத்தும், ஆனா அதுல படியற ஆக்சைடு கரண்டைத் தடுக்குது. நிக்கல் சில்வரோட மின்தடை செம்பை விட பத்து மடங்குக்கும் மேல, அதனால ரெயிலையே ஒயர்னு நம்பாம டேபிளுக்கு அடியில தடிமனான செம்பு ஒயர் ஓட்டி, ஒரு மீட்டர் ஒண்ணரை மீட்டருக்கு ஒரு ஜோடி கிளை ஒயர் ரெயிலோட சால்டர் பண்ணணும். ரெயில் மூட்டுல இடைவெளி விடறதும் மறக்கக் கூடாது, 5 மீட்டர் ரெயில் 20 டிகிரி சூடேறினா ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல நீளும், போக வழியில்லேன்னா பக்கவாட்டுல நெளியும்.

டிராக்கை நிரந்தரமா ஒட்டறதுக்கு முன்னாடி நீளமான ரயிலை மெதுவா ரிவர்ஸ்ல தள்ளிப் பாருங்க, முன்னாடி இழுக்கறப்போ தெரியாத கோளாறு அப்போ தெரியும். அப்புறம் கன்ட்ரோலர்லேர்ந்து ரொம்பத் தள்ளி இருக்கற இடத்துல ரெண்டு ரெயிலுக்கும் குறுக்க ஒரு காசை வைங்க. உடனே பிரேக்கர் டிரிப் ஆகணும். ஆகலேன்னா வழியில மின்தடை ஜாஸ்தின்னு அர்த்தம், நாளைக்கு ஒரு வேகன் தடம் புரண்டு ஷார்ட் ஆனா அந்த கரண்ட் நிக்காம ஓடி சக்கரத்தையே உருக்கிடும். அங்க இன்னொரு ஜோடி ஒயர் இறக்கிட்டு, காசை மறுபடி வச்சுப் பாத்துட்டு, அப்புறமா மலை கட்ட ஆரம்பிங்க.