உப்பு எப்படிச் சாரமற்றுப் போகும்?

மலைப்பிரசங்கத்தில் இயேசு, "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்று சொன்ன கையோடு, சாரமற்றுப் போன உப்பு வெளியே கொட்டி மிதிக்கத்தான் ஆகும் என்றும் சொல்லிவிடுகிறார் (மத்தேயு 5:13). வேதியியல் படித்தவர்களுக்கு இங்கே இடிக்கும். சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு, கெட்டுப்போகிற பொருளே இல்லை, எத்தனை வருஷம் வைத்தாலும் கரிக்கும். அப்புறம் எப்படிச் சாரம் போகும்?

அந்த நாட்டு உப்பைப் பார்த்தால் புரியும். சாக்கடல் நீரில் ஏறக்குறைய 34 சதவீதம் உப்புகள்தான் (சாதாரணக் கடலில் 3.5), ஆனால் அதில் பெரும்பங்கு மெக்னீசியம் குளோரைடு. கரையில் வாரினாலும் பக்கத்திலுள்ள சோதோம் மலை என்ற உப்பு மலையில் வெட்டினாலும் ஜிப்சமும் (உப்புக் கரிக்காத ஒரு வெள்ளைக் கனிமம்) களிமண்ணும் கலந்தே வரும். மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் மூட்டை தானாகவே கசியத் தொடங்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் சமையல் உப்பு சுமார் 360 கிராம் கரையும், ஜிப்சம் இரண்டு கிராம் சொச்சம்தான். ஆக, ஈரம் பட்டுப்பட்டு உப்பு முதலில் ஓடிவிடும், ஜிப்சம் தங்கிவிடும். பார்த்தால் அதே வெள்ளைதான், வாயில் போட்டால் ஒன்றுமில்லை. பலரும் தரும் விளக்கம் இதுதான், எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது.

தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளையும் பாத்திக்கு முந்தைய பாத்தியிலேயே ஜிப்சத்தைப் படியவிட்டு, உப்பை வாரியபின் மிஞ்சுகிற கசப்பான மெக்னீசியத் தண்ணீரை வெளியேற்றிவிடுவதால் நமக்கு இந்த அனுபவம் இல்லை.

ஒரு விசுவாசியாக என்னை உலுக்குவது இந்தக் கசிவுதான். உப்பு வேறொன்றாக மாறவில்லை, கிளம்பிப் போய்விட்டது. ஞாயிறு ஆராதனை, வாயில் வசனம், கழுத்தில் சிலுவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, அன்பும் நேர்மையும் மட்டும் நமக்கே தெரியாமல் வடிந்துபோயிருக்கலாம். நம்மோடு வேலை செய்கிறவருக்கும் வீட்டில் இருக்கிறவருக்கும்தான் அது முதலில் தெரியவரும்.

சரி, நல்ல உப்பு என்ன செய்யும்? கலிலேயாக் கடலோரத்து மீனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பு மீன் சதையிலிருந்தும் பாக்டீரியாவின் செல்லிலிருந்தும் தண்ணீரை வெளியே இழுக்கிறது, தானும் சதைக்குள் இறங்கி, அங்கே மிஞ்சியிருக்கும் நீரைக் கிருமிகளுக்குக் கிடைக்காமல் பிடித்துவைக்கிறது, அதனால் பெரும்பாலானவை பெருக முடியாமல் நின்றுவிடுகின்றன. ஆனால் அது மீனுக்குள் போக வேண்டும். மீன் ஒரு பக்கம் கிடக்க, ஜாடியில் பத்திரமாக இருக்கும் உப்பால் எந்தப் பயனும் இல்லை. உலகத்தின் அழுக்கு படாமல் ஒதுங்கி வாழ்வதே பரிசுத்தம் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

லூக்கா இன்னும் நுணுக்கமாக எழுதுகிறார்: சாரமற்ற உப்பு நிலத்துக்கும் ஆகாது, எருவுக்கும் ஆகாது (14:35). காரணம் இதுவாக இருக்கலாம். ஜிப்சத்தோடு ஒட்டியிருக்கும், சமையலுக்குப் போதாத கொஞ்சநஞ்ச உப்பும், வயலில் கொட்டினால் பயிரைக் கெடுத்துவிடும். எருக்குழியில் போட்டாலும் கடைசியில் அதே வயலுக்குத்தான் வந்து சேரும். பயிர் முளைக்கத் தேவையில்லாத இடம் என்று பார்த்தால் ஆட்கள் நடக்கிற பாதைதான்.