சுரைக்குடுக்கை மேல் போட்ட பழி

கென்யாவின் மேற்கு மேட்டுநிலத்தில் சில ஆண்டுகள் எண்டோஸ்கோபி செய்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் கலெஞ்சின் மக்கள்: நந்தி, கிப்சிகிஸ், துகென், கெய்யோ. இந்தப் பொதுப்பெயர் 1940களில் பரவியதுதான்; ‘உனக்குச் சொல்கிறேன்’ என்று அர்த்தம். அவர்கள் சொன்னதை நான் சரியாகக் கேட்காத கதை இது.

வயது கேட்டால் சில தாத்தாக்கள் ‘சூமோ’ என்பார்கள். சேர்ந்து சடங்கு முடித்தவர்களின் வயதுக்குழுப் பெயர் அது. எழுபதுக்கு மேல் என்று நர்ஸ் எழுதிக்கொள்வார். உணவுக்குழாய்ப் புற்றுநோய் அங்கே அதிகம். முப்பது வயதுக்காரர்களுக்கும் வருகிறது.

வெளியிலிருந்து போன டாக்டர்கள் அதற்குக் காரணமாக முதலில் கைகாட்டுவது முர்சிக் என்ற புளித்த பாலை. நானும்தான். சுரைக்குடுக்கையைக் கழுவி, செனெத்வெத் குச்சியைக் கொளுத்தி, அந்தக் கரியை உள்ளே தேய்த்துப் பாலை ஊற்றி நாள்கணக்கில் புளிக்கவிடுவார்கள். (செனெத்வெத் நம்ம ஆவாரைக்குச் சொந்தக்காரச் செடி.) ஊற்றும்போது பால் லேசாகச் சாம்பல்நீலமாக இருக்கும், புளிப்போடு ஒரு புகைமணம். அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனம் இருப்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆனால் முர்சிக்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் டீ மீதும் சந்தேகம் உண்டு; அதை யாரும் திட்டுவதில்லை!

ஒரு கிப்சிகிஸ் பாட்டியிடம் “முர்சிக்கை விடுங்கள்” என்றேன். தலையாட்டினார். அடுத்த முறை குடிப்பதே இல்லை என்று பொய் சொன்னார். பதக்கத்தோடு ஊர் திரும்பும் ஓட்டக்காரர் வாயில் முதலில் சாய்ப்பது அந்தக் குடுக்கையைத்தான். 1905 அக்டோபர் 19 அன்று, சமாதானம் பேச வந்த நந்தித் தலைவர் கொய்த்தாலெல் சமோயை ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றார்கள். தொடர்ந்த படையெடுப்பில் மாடுகளையும் ஓட்டிப் போனார்கள். அந்த மண்ணில் பாலைப் பற்றி உத்தரவு போட நான் யார்?

பிறகு நர்ஸ்தான் பாட்டியிடம் பேசினார். எப்போதிருந்து இவ்வளவு முர்சிக்? ஐந்து மாதமாக. ஏன்? உகாலி (மக்காச்சோள மாவுக் களி) நெஞ்சில் நிற்கிறது, பால்தான் இறங்குகிறது.

எனக்குச் சுருக்கென்றது. நோயால் விழுங்க முடியாததால் பாட்டி பாலுக்கு மாறியிருந்தார். நான் தலைகீழாகப் படித்திருந்தேன். அதற்குப் பிறகு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. உகாலியை எப்போது நிறுத்தினீர்கள் என்றுதான் கேட்கிறேன். “போன மாதம்” என்று பதில் வந்தால் அன்றைக்கே குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிடுவேன்.