டார்க் மேட்டருக்குக் கறுப்பு அடிக்காதீர்கள்

மதுரைப் பக்கம் பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் கருந்துளைக்கு ஒரு அட்டை இருந்தால், அதை ஒட்டி டார்க் மேட்டருக்கும், அதாவது கண்ணில் படாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருளுக்கும், ஒரு அட்டை இருக்கும். தலைப்பு ‘கரும்பொருள்’. சில அட்டைகளில் அதுவே ‘கருப்பொருள்’. பிள்ளைகளின் எழுத்துப்பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பெரியவர்கள் எழுதும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் அதே பிழை கண்ணில் படுகிறது. தொல்காப்பியம் படித்தவருக்குக் கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை என்று திணைக்குத் திணை மாறும் பட்டியல். படிக்காதவருக்கு ‘இந்த ஆண்டின் கருப்பொருள்’ என்று விழாப் பேனரில் வருவது. கருமை சேர்ந்தால் ‘கரும்’, சூலைக் குறிக்கும் கரு சேர்ந்தால் ‘கருப்’ என்பது இலக்கணப்படி சரியே. அந்த ஓர் ஒற்றெழுத்தை நம்பி ஒரு கலைச்சொல்லை விட்டால் இப்படித்தான் ஆகும். 1901-ல் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட ஊரிலேயே இதை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதுதான் எரிச்சல்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1906-ல் பிரெஞ்சுக்காரர் பாயின்கரே ‘மட்டியேர் ஒப்ஸ்க்யூர்’ என்றார். 1922-ல் டச்சு வானியலாளர் காப்டெய்ன் ‘டார்க் மேட்டர்’ என்று எழுதினார். 1933-ல் சுவிஸ் வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா என்னும் விண்மீன்திரள் (கேலக்ஸி) கொத்தில் திரள்கள் ஓடும் வேகத்தைக் கணக்கிட்டு, கண்ணில் படும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைக் கட்டிப்போடப் போதாது என்று கண்டு, ஜெர்மனில் ‘துங்கிள மட்டேரி’ என்றார். சுவிக்கிதான் முதலில் சொன்னார் என்று எங்கும் எழுதுகிறார்கள், அது சரியல்ல. மூவர் காலத்திலும் அந்தச் சொல்லுக்கு ‘வெளிச்சம் தராத பொருள்’ என்பதே பொருள். ஆறிப்போன விண்மீன், குளிர்ந்த வளிமம், தூசு எல்லாம் அதில் அடக்கம்.

இன்று அந்தப் பொருள் இல்லை. சொல் அப்படியே இருக்க, அது குறிக்கும் பண்டம் மாறிவிட்டது. மொழிபெயர்ப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

எப்படி மாறியது என்பதற்கு அமெரிக்க வானியலாளர் வேரா ரூபினின் (1928–2016) வேலையைப் பார்த்தால் போதும். விண்மீன்திரளை ஆராய்பவர் இரவெல்லாம் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறோம். அவர் பார்ப்பது நிறமாலைக் கோடுகளை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் கோடுகளை. சாய்வாகத் தெரியும் ஒரு திரளின் நீள அச்சின் மேல் நிறமாலைக் கருவியின் மெல்லிய பிளவைப் பொருத்துவார்கள். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டரில் விழும். திரளின் ஒரு பக்கம் நம்மைவிட்டு நொடிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் விலகினால், அந்தக் கோடு சுமார் அரை நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகரும். மறுபக்கம் அதே அளவு நீலத்துக்கு நகரும். இந்த அரை நானோமீட்டரை மையத்திலிருந்து விளிம்பு வரை இடம்விட்டு இடம் அளப்பதுதான் வேலை.

தவறு நேரும் இடங்கள் உண்டு. திரள் முழுதாகவே நகர்ந்துகொண்டிருக்கும். ஆண்ட்ரோமிடா நம்மை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதைக் கழிக்க மறந்தால் இரண்டு பக்கமும் நீலமாகவே தெரியும். அடுத்தது சாய்வு. நேர் முகமாகத் தெரியும் திரளில் சுழற்சி நம் பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே நடக்கிறது, கோடு நகராது. 30 பாகை சாய்வு என்றால் அளந்த வேகத்தைச் சைன் 30-ஆல், அதாவது அரையால், வகுக்க வேண்டும். அளவீட்டில் இருந்த பிழையும் அப்படியே இரட்டிக்கும். அதனால்தான் நன்கு சாய்ந்த திரள்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். விண்மீன்கள் அற்றுப்போகும் வெளி விளிம்பில் இந்தச் சிவப்புக் கோடு உதவாது. அங்கே ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையைப் பிடிக்க வேண்டும். புனேக்கு அருகே கோடத்தில் தலா 45 மீட்டர் அகலமுள்ள 30 ரேடியோ தட்டுகள் நிற்கின்றன. அவற்றின் வேலைகளில் இதுவும் ஒன்று.

கோடு நகர்வதை வைத்து வேகம் காண்பது நம் மலைக்குப் பழக்கமான வித்தைதான். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909 ஜனவரியில் ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை இதே டாப்ளர் நகர்வால்தான் கண்டார். சுற்றுலாவுக்கு மலையேறுகிற மதுரைக்காரர்கள் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

ரூபினும், கருவி செய்த கென்ட் ஃபோர்டும் 1970-ல் ஆண்ட்ரோமிடாவில் 67 இடங்களில் அளந்து வெளியிட்டார்கள். 1980-ல் மேலும் 21 திரள்கள். சூரியக் குடும்பத்தில் பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது, நெப்டியூன் 5.4 தான். தள்ளிப் போகப் போக வேகம் குறைய வேண்டும். திரள்களில் குறையவில்லை. வேகம் குறையாமல் இருந்தால், ஆரம் இரட்டிக்கும்போது உள்ளே அடங்கிய நிறையும் இரட்டிக்கிறது என்று கணக்கு. ஆனால் வெளிச்சமோ வெளியே போகப் போக மங்கிக்கொண்டே போகிறது.

அந்த நிறை தூசாகவோ வளிமமாகவோ இருந்தால் பின்னால் உள்ள ஒளியை விழுங்கும், அல்லது சூடாகி எக்ஸ் கதிர் வீசும். இது இரண்டையும் செய்யவில்லை. ஒளி அதன் ஊடே தடையின்றிப் போகிறது. ஈர்ப்பால் பாதை மட்டும் சற்று வளைகிறது, சூரியனுக்கு அருகே வளைவதைப் போல. ஆக, இந்தப் பண்டம் கறுப்பே அல்ல, கண்ணாடியைவிடத் தெளிவானது.

இப்போது ‘கரு’வைப் பாருங்கள். தமிழில் கறுப்பு என்றால் ஒளியை உள்வாங்குவது. கருந்துளைக்கு அது அச்சாகப் பொருந்துகிறது, அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை. பால்வீதியின் நடுவே கறைபோலத் தெரியும் தூசு மேகங்களைக் கரும்பொருள் என்றால் அதுவும் சரி. டார்க் மேட்டருக்கு அதே முன்னொட்டைப் போட்டதும், படிக்கிற பிள்ளை இரண்டையும் உறவாக்கிவிடுகிறது. கருந்துளையின் உள்ளே இருப்பது கரும்பொருள், கரும்பொருள் விண்மீனை விழுங்கும் என்றெல்லாம் எழுதுகிறது. குற்றம் பிள்ளையுடையதா, சொல்லுடையதா?

‘இருண்ட பொருள்’ என்பவர்கள் பெயரெச்சத்தைக் கவனிக்கவில்லை. இருண்ட வீடு என்றால் முன்பு விளக்கு எரிந்தது, இப்போது இல்லை என்ற நினைப்பு வருகிறது. செத்த விண்மீனுக்கு அது பொருந்தும், அதாவது காப்டெய்ன் காலத்துப் பொருளுக்கு. ‘கரும்பருப்பொருள்’ என்று ஒன்றும் உலவுகிறது. வேகமாக வாசிக்கிற கண்ணுக்கு அதில் கரும்பும் பருப்பும் முதலில் தெரிகின்றன, வானம் தெரியவில்லை. ‘காணாப் பொருள்’ எளிமைதான். ஆனால் நம் பேச்சில் காணோம் என்றால் தொலைந்துவிட்டது. நிறை தொலையவில்லை, ஒளிதான் இல்லை. ‘மறைபொருள்’ வேதாந்தத்துக்குப் பட்டா போட்ட நிலம். ‘கரந்த பொருள்’ அழகு. கரத்தல் என்றால் ஒளித்தல். கரந்துறை கோள் என்று சோதிடத்தில் வழக்கும் உண்டு. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் அதற்கே ஓர் உரை எழுத வேண்டியிருக்கும்.

என் தேர்வு ‘ஒளிசாராப் பொருள்’. ஒளியை உமிழ்வதில்லை, ஏற்பதில்லை, சிதறடிப்பதில்லை என்ற மூன்றும் அந்த ஒரு ‘சாரா’வில் அடங்குகின்றன. அரசு சாரா அமைப்பு என்று தினமும் கேட்கிற காதுக்கு விளக்கமே தேவையில்லை. நீளம் என்பார்கள், கரும்பருப்பொருளைவிட நீளமில்லை. நியூட்ரினோ என்னும் நுண்துகளும் ஒளிசாராததுதானே என்று, நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் பேசப்பட்ட தேனிப் பக்கத்திலிருந்து யாராவது கேட்டால், கேள்வி சரி. அது மிக லேசு, மிக வேகம். திரள்களைச் சேர்த்துக் கட்டிவைக்க அதனால் ஆகாது. இந்தச் சொல் பிடிக்காதவர்கள் டார்க் மேட்டர் என்றே எழுதட்டும், அது கரும்பொருளைவிடக் குறைவாகவே கெடுக்கும்.

ஆங்கிலத்தில் டார்க் என்று வந்த இடமெல்லாம் ‘கரு’வைத் தட்டிவிடும் பழக்கம்தான் வேர். டார்க் எனர்ஜி என்ற பெயரை அமெரிக்க அண்டவியலாளர் மைக்கேல் டர்னர் 1998-ல் டார்க் மேட்டருக்கு இணையாக வைத்தார். அங்கே டார்க் என்றால் ‘என்னவென்று விளங்காதது’. அதையும் ‘கரும் ஆற்றல்’ ஆக்கிவிட்டார்கள். அண்டத்தின் கணக்கில் நமக்குத் தெரிந்த பொருள் 5 விழுக்காடு, ஒளிசாராப் பொருள் 27, மீதி 68 அந்த ஆற்றல். இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை: ஒன்று சேர்த்துப் பிடிக்கிறது, மற்றது அண்டத்தின் விரிவை முடுக்குகிறது. ‘விளங்கா ஆற்றல்’ என்றால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று: ‘ரூபின் டார்க் மேட்டரைக் கண்டுபிடித்தார்’ என்று எழுதாதீர்கள். விளிம்பில் வேகம் குறையவில்லை என்று அவர் அளந்து காட்டினார், அவ்வளவே. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் நிலத்தடிச் சுரங்கத்தில் 10 டன் திரவ செனானை வைத்துக்கொண்டு டார்க் மேட்டரின் ஒரு துகளுக்காகக் காத்திருக்கிறார்கள். இன்னும் சிக்கவில்லை. ‘இருப்பதற்குச் சான்று தந்தார்’ என்று எழுதலாம். நாலு எழுத்துதான் கூடும்.