பயணிகள் ரயிலில் மூட்டை அனுப்ப: திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

கோவையிலோ ஈரோட்டிலோ எக்ஸ்பிரஸ் வந்து நின்றதும் வண்டியின் கடைசிப் பக்கம் போய்ப் பாருங்கள். அகலக் கதவுள்ள லக்கேஜ் பெட்டியில் சாக்கு தைத்த பனியன் மூட்டைகளும், வைக்கோல் சுற்றிய பைக்குகளும் ஏறிக்கொண்டிருக்கும். லாரி ஆபீஸ் போகாமல் நாமும் இதில் சரக்கு அனுப்பலாம்.

வழி இரண்டு. நீங்களும் அதே வண்டியில் போனால் அது லக்கேஜ். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 40 கிலோவும், இரண்டாம் வகுப்புக்கு 35 கிலோவும் இலவசம். அதற்கு மேல் இருந்தால், கிளம்ப அரை மணி நேரம் முன்பே பார்சல் ஆபீஸில் பணம் கட்டி பதிவு செய்துவிடுங்கள். பதியாமல் அளவுக்கு மிஞ்சிக் கொண்டுபோய்ப் பிடிபட்டால் கட்டணம் ஆறு மடங்கு வரை போகும்.

நீங்கள் போகாமல் சரக்கு மட்டும் போனால் அது பார்சல். டிக்கெட் தேவையில்லை. என்ன சரக்கு, யாருக்கு என்று படிவம் எழுதி, எடை போட்டு, பணம் கட்ட வேண்டும். வியாபாரச் சரக்கென்றால் பில்லும் வேண்டும். பைக் என்றால் ஆர்.சி. நகல் கொடுத்து, டேங்கில் சொட்டு பெட்ரோல் இல்லாமல் வடித்துவிட வேண்டும். இரண்டே நிமிடம் வண்டி நிற்கிற ஊரில் மூட்டை ஏற்றுவது சிரமம், முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது சரக்கின் மதிப்பை எழுதும் இடத்தில்தான். மதிப்பை அறிவித்து, அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டாவிட்டால், பார்சல் தொலைந்தால் கிலோவுக்கு அதிகபட்சம் 50 ரூபாய்தான் இழப்பீடு. 30 கிலோ பனியன் மூட்டை போனால் கைக்கு வருவது 1,500 ரூபாய். உள்ளே இருக்கும் துணியோ பல ஆயிரம் பெறும். நாலு காசு மிச்சம் பிடிக்கப் பார்த்து இதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: லக்கேஜ் பெட்டியின் சில அறைகளை ரயில்வே தனியாருக்குக் குத்தகைக்கு விடுகிறது. அந்த ஏஜென்ட்டிடம் மூட்டை கொடுத்தால் உங்கள் கையில் இருப்பது அவர் தரும் ரசீது, ரயில்வே ரசீது அல்ல. சரக்கு காணாமல் போனால் அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.

ரயில்வேயிலேயே பதிந்திருந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் இழப்பீடு கேட்க வேண்டும். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 106 சொல்வது இது. அதுவரை ரசீதைத் தொலைக்காமல், போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.