குளத்து வாத்துகளைப் படியால் அளப்பது

கார்த்திகை மாதத்தில் திருப்பூர் நஞ்சராயன் குளத்திலும் கோவை சிங்காநல்லூர் குளத்திலும் வடக்கிலிருந்து வந்த நீலச்சிறகி வாத்துகளைப் பார்க்கலாம். நஞ்சராயன் குளம் 2024இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபின் கரைக்கு வருவோர் பலரும் கேட்கும் கேள்வி, அசைந்துகொண்டேயிருக்கும் ஒரு கூட்டத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பதுதான்.

ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. காலை வெயில் முதுகில் விழும் கரையில் நின்று, முதலில் பத்து வாத்துகளை மட்டும் எண்ணி, அவை பைனாகுலருக்குள் அடைக்கும் இடத்தை மனத்தில் பதித்துக்கொண்டு, நெல்லைப் படியால் அளப்பதுபோல அந்த அளவைக் கூட்டத்தின் மேல் ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்துவார்கள். கூட்டம் நடுவில் நெருங்கியும் ஓரத்தில் கலைந்தும் இருப்பதால் படியின் அளவை இடையிடையே திருத்த வேண்டும். பாதி எண்ணும்போது ஒரு சேற்றுப்பூனைப்பருந்து தலைக்குமேல் வந்துவிட்டால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும், பிறகு முதலிலிருந்துதான்.

நகரத்தில் இன்னொரு சிக்கல், குளங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. உக்கடம் பெரியகுளத்தில் எண்ணிய பறவையே சற்று நேரத்தில் வாலாங்குளத்தில் இறங்கக்கூடும் என்பதால், இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் எண்ணுவதே முறை.

எண்ணிக்கையோடு, பார்த்த நேரம், நடந்த தொலைவு, பார்த்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் கண்ட இருபதையும் இரண்டு மணி நேரத்தில் கண்ட முப்பதையும் அப்படியே ஒப்பிட முடியாது. அடையாளம் கண்ட எல்லா இனங்களையும் எழுதினால்தான், பட்டியலில் இல்லாத பறவை தென்படவில்லை என்று கொள்ளலாம். காக்கையை விட்டுவிட்ட பட்டியலை நான் நம்புவதில்லை.

நீர்மட்டத்தையும் குறித்துவைப்பது நல்லது. சேற்றில் இரை தேடும் சிறு பறவையான கொசு உள்ளானின் கால் சில சென்டிமீட்டர் நீளந்தான். அதற்கு வேண்டியது சேறும் கணுக்கால் நனையும் நீரும். குளத்தை ஆழப்படுத்திக் கரையைக் கல்லால் கட்டிவிட்டால் வாத்துகள் தங்கலாம், உள்ளான்கள் போய்விடும். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இழப்பு தெரியாமலே போகலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் நடப்பதால், ஒரு குளத்தின் பழைய ஆண்டுகளோடு இனவாரியாக ஒப்பிட முடிகிறது.

ஒரு பறவை வந்த ஊரை அறிய, அதன் காலில் மாட்டும் எண் பொறித்த வளையம் உதவுகிறது. 1899இல் டென்மார்க்கில் மார்டென்சன் என்ற ஆசிரியர் அலுமினிய வளையம் மாட்டித் தொடங்கிய முறை இது. வளையத்தில் உள்ள எண்ணைத் தொலைநோக்கியால் படிக்கலாம். ஆனால் காலின் அடிப்பகுதியில் மாட்டிய வளையமென்றால், சேற்றில் நிற்கும் உள்ளான் அந்தக் காலைத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டும்.